அண்ணன் காலுக்குக் காற்று தேடி: ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும்

1992 மே மாதம் நான் ராஜபாளையம் போனதற்குக் காரணம் கோயிலும் இல்லை, பால்கோவாவும் இல்லை. ஒரு சந்தேகம். அப்போது மெட்ராஸில் ஒரு செருப்புக் கம்பெனியின் பேட்டர்ன் பிரிவில் வேலை பார்த்தேன். ஷூவுக்கு அட்டையில் வடிவம் வெட்டி, எங்கே தையல் வரணும், எங்கே துளை வரணும் என்று முடிவு செய்கிற வேலை. ராஜபாளையத்தில் நூல் மில்லில் இருந்த என் அண்ணன் மாரிமுத்துவுக்காக இரண்டு ஜோடி ஷூ செய்து பார்சலில் அனுப்பியிருந்தேன். முதல் ஜோடி கித்தான், பக்கவாட்டில் வலைத்துணி வைத்தது. இரண்டாவது தடித்த தோல், பெயருக்கு நாலு துளை. அந்த இரண்டாவதைப் போட்டுக்கொண்டு எங்கள் கம்பெனி மாடிப்படி ஏறினாலே கால் வெந்துவிடும். அண்ணன் பக்கத்துக் கடை டெலிபோனில் இரண்டுக்கும் ஒரே பதில்தான் சொன்னார்: "குளுகுளுன்னு இருக்கு செல்வி."

இரண்டும் ஒரே மாதிரி குளுகுளுவென்று இருக்க வாய்ப்பே இல்லை. தொழில் தெரிந்தவளுக்கு இதைவிடக் குடைச்சல் வேறு வேண்டாம்.

வெறும் தொழில் குடைச்சல் மட்டும் என்றால் டிக்கெட் எடுத்திருக்க மாட்டேன். அண்ணனுக்குச் சர்க்கரை. அதற்கு முந்தின வருடம் ரப்பர் வைத்த மூடிய ஷூவுக்குள் ஷிப்ட் முழுக்க கால் ஊறி, இடது பெருவிரல் இடுக்கில் தோல் வெந்து புண்ணாகி, ஆறுவதற்குள் வீடே ஒரு வழியாகிவிட்டது. வெறுங்காலோடு நடக்காதே, ஆனால் கால் வியர்த்து ஊறவும் விடாதே, இன்னொரு தடவை புண் வந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலை மூடவும் வேண்டும், காற்றும் போக வேண்டும். அப்படி ஒரு ஷூ கடையில் இல்லை. வீட்டில் செருப்புக்காரி ஒருத்தி இருக்கும்போது கடைக்கு ஏன் போக வேண்டும் என்று நானே தலையில் போட்டுக்கொண்டேன்.

மதுரை வரை ரயில். அங்கிருந்து ராஜபாளையம் சுமார் எண்பத்தைந்து கிலோமீட்டர், பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். இடது பக்க ஜன்னல் கிடைத்தால் விட்டுவிடுங்கள், காலை வெயில் அந்தப் பக்கம்தான். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் வலது பக்கம் மலை நெருங்கி வரும். நான் மலையைப் பார்க்காமல் கண்டக்டரின் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு சுண்டுவிரல் பக்கமும் பிளேடால் கீறிய நீளமான வாய்.

"ஏன் கிழிச்சு வச்சிருக்கீக?" என்று கேட்டேன்.

"காத்து வரட்டும்னு நாந்தாம்மா போட்டேன். வெயிலுக்கு நல்லாத்தான் இருக்கு. மழை வந்தா மட்டும் உள்ள கம்மாத் தண்ணியாப் பெருகிரும்."

ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று உள்ளே வந்து எங்கே போகும் என்று அவரிடம் கேட்டேன். அவர் டிக்கெட் கிழித்தபடி கொஞ்சம் யோசித்தார். "அப்ப பின்னாடியும் ஒண்ணு போட்ருவமா?" என்றார். ராஜபாளையம் வருவதற்குள் அவர் ஷூவுக்கு இன்னும் இரண்டு கீறலுக்கு இடம் குறித்துக் கொடுத்துவிட்டேன். சும்மா இருக்கத் தெரியாத பழக்கம்.

அண்ணன் வீட்டில் மதினி வேலம்மாளிடம் முதலில் விசாரித்தேன். அண்ணன் மேல் எனக்கு இருந்த அதே சந்தேகம் அவளுக்கும் இருந்தது. "அவியட்ட என்னத்தக் கேட்டு? தங்கச்சி செஞ்சதுன்னா கல்லக் கட்டி விட்டாலும் நல்லாத்தான் இருக்கும்பாவ" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பாசக்கார மனுஷன், என் மனசு நோகக் கூடாது என்று புளுகுகிறார். புளுகைக் கையும் களவுமாகப் பிடிக்க மறுநாளே மில்லுக்குக் கிளம்பினேன்.

சூப்பர்வைசர் நல்லவர், செத்த நேரம் உள்ளே நின்று பார்க்க விட்டார். வெளியே அனல், உள்ளே வேறு மாதிரி அனல். காற்று காய்ந்தால் நூல் அறுந்துவிடும் என்பதால் குழாய் வழியாகத் தண்ணீரைப் புகையாக அடித்து, காற்றையே நனைத்து வைத்திருந்தார்கள். மெட்ராஸ் மேஜையில் உட்கார்ந்து நான் போட்ட கணக்கெல்லாம் அங்கேயே ஆட்டம் கண்டது. காற்றே ஈரமாக இருக்கும் இடத்தில் துளை வைத்தால் மட்டும் வியர்வை காய்ந்துவிடாது. அதோடு பஞ்சு வேறு. மிஷின் வரிசைக்கு நடுவே பஞ்சுத் தூசி எப்போதும் மிதந்துகொண்டிருந்தது. அண்ணன் அன்று போட்டிருந்த முதல் ஜோடியின் வலைத்துணியில் அது போய் அப்பி, டீ வடிகட்டி அடைத்துக்கொண்ட மாதிரி, ஒரு கண் பாக்கியில்லாமல் மூடிக் கிடந்தது.

ஷிப்ட் முடிந்து அண்ணன் வெளியே வந்ததும் கேட் பக்கத்து வேப்பமரத்தடியில் ஷூவைக் கழற்றச் சொல்லி உள்ளே கையை விட்டேன். இட்லிச் சட்டியைத் திறந்த மாதிரி ஆவி. உள்துணி பிழிந்தால் சொட்டும்.

"எப்படி இருந்துச்சு அண்ணே?"

"குளுகுளுன்னு இருந்துச்சு."

"ஏன் இப்படிப் பொய் சொல்லுதீக?"

அவர் முகம் சுருங்கிப் போனது. "ஏட்டி, ஒங்கிட்டப் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப் போவுது?" என்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் இவர் புளுகவில்லை என்று தோன்றியது. அப்படியானால் என்ன என்று மட்டும் விளங்கவில்லை. ராத்திரிச் சாப்பாடு வரை அதே யோசனைதான்.

அடுத்த நாள் காலை சத்திரப்பட்டி. ராஜபாளையத்திலிருந்து டவுன் பஸ், பத்து கிலோமீட்டருக்குள்தான். ஊருக்குள் நுழைந்தாலே தறிச் சத்தம். ஆஸ்பத்திரிக் காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணியை அங்கே தெருத் தெருவாக நெய்கிறார்கள். அந்தச் சல்லாத் துணி பல மடிப்பாக மடித்தால் ஈரத்தை உறிஞ்சும், விரித்துப் போட்டால் சீக்கிரம் காயும். ஷூவின் உள்துணிக்கு இதைவிட நல்லது எது? ஒரு தறிக்காரர் என்னை விநோதமாகப் பார்த்தார். "காயம்பட்ட பொறவுதான கட்டுவாக, நீங்க முன்கூட்டியே சுத்தப் போறீகளா?" என்றார். ஆமாம் என்றேன். ஐந்து மீட்டர் கிழித்துக் கொடுத்தார்.

வீடு திரும்பி, பதினோரு மணிவாக்கில் ஸ்ரீவில்லிபுத்தூர் புறப்பட்டோம். அண்ணனுக்கு அன்று வார லீவு. லீவு நாளில் உச்சிவேளைக்குள் ஆண்டாள் கோயில் பிரகாரத்தைச் சுற்றி வருவது அவர் வழக்கம். ராஜபாளையத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர், அரை மணி நேரம்கூட ஆகாது. வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னாரே என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. "கோயில்ல நடக்கதெல்லாம் அதுல சேராது" என்று அண்ணன் எப்போதோ சொல்லியிருந்தார், மதினியும் சரி என்றிருந்தாள், நானும் மறுத்துப் பேசவில்லை. மருந்து, பத்தியம் எல்லாம் கோயில் வாசலோடு நின்றுவிடும் என்பது எங்கள் எல்லோருடைய எண்ணமும்.

செருப்பு வைக்கும் இடத்தில் ஷூவைக் கொடுத்துவிட்டு உள்ளே போனோம். மே மாதம், நடை சாத்த இன்னும் கொஞ்ச நேரம்தான். திறந்தவெளிக் கல்தரை தோசைக்கல் மாதிரி காய்ந்திருந்தது. நானும் மதினியும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிழலுக்கு நிழல் ஓடினோம். அண்ணன் மட்டும் நட்டநடு வெயிலில், கை கூப்பியபடி, அவசரமே இல்லாமல் நடந்து வந்துகொண்டிருந்தார்.

தூணோரம் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். "அண்ணாச்சி மட்டுந்தான் இந்த வெயில்ல இப்படி வருவாக. ரெண்டு வருசமாப் பாக்கேன். நாங்கள்லாம் ஓடுதோம், அவுகளுக்குக் கல்லு சுடாது. கொடுப்பினை."

மதினி முகத்தில் பெருமை. எனக்கும் ஒரு நிமிடம் பெருமையாகத்தான் இருந்தது. அண்ணன் பக்கத்தில் வந்ததும், "சுடலையா?" என்று கேட்டேன். "ஆண்டாள் சந்நிதியில எனக்கு எப்பவும் குளுகுளுன்னுதான் இருக்கும்" என்றார்.

அதே வார்த்தை.

அவரை மண்டபத்து நிழலில் உட்கார வைத்து, கண்ணை மூடச் சொன்னேன். கைப்பையில் எப்போதும் பேட்டர்ன் பென்சில் இருக்கும். "அண்ணே, நான் எந்த விரலைத் தொடுதேன்னு சொல்லுங்க." பெருவிரலைத் தொட்டேன். அடுத்த விரல். உள்ளங்கால். அப்புறம் பென்சில் முனையைப் பெருவிரலில் கொஞ்சம் அழுத்தியே வைத்தேன். மதினி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணை மூடியபடியே அண்ணன் சொன்னார்: "சீக்கிரம் தொடுட்டி. எம்புட்டு நேரம் சும்மா உக்காந்திருக்க?"

மதினி அப்படியே அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கால் இரண்டும் சிவந்து கிடந்தன. அண்ணன் கண்ணைத் திறந்து, விரலில் பதிந்திருந்த பென்சிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, "அப்ப இது ஆண்டாள் குடுத்தது இல்லையா?" என்றார். கால் போய்விடுமோ என்ற பயத்தைவிட அந்தக் கேள்விதான் எனக்கு அழுகையை வரவழைத்தது.

மதினி அழவில்லை. "ஆண்டாள்தான் இன்னைக்கு ஒங்க தங்கச்சியக் கூட்டியாந்திருக்கா. எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றாள். கால் மறுபடி கல்லில் படாமல் இருக்க, காலையில் வாங்கிக் கைப்பையில் வைத்திருந்த ஐந்து மீட்டர் துணியையும் இரண்டு காலிலும் சுற்றி, சுவரோரம் நிழலிலேயே நடத்தி வெளியே கொண்டுவந்தோம். தறிக்காரர் கிண்டல் அப்போது ஞாபகத்துக்கு வந்தது.

சாயங்காலத்துக்குள் வலது உள்ளங்காலில் இரண்டு கொப்புளம் எழும்பிவிட்டது. டாக்டர் கட்டுப் போட்டார். சர்க்கரையால் காலில் உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது, அவருக்கே தெரியாமல், என்றார். இனிமேல் காலைக் கண்ணால் பார்க்க வேண்டும், ஷூவைக் கையால் பார்க்க வேண்டும், காலைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. லீவு போட்டு வீட்டில் இருந்தார். புண் ஆழமாகப் போகாமல் ஆறியது. கால் பிழைத்தது.

நான் இன்னும் நாலு நாள் தங்கி மூன்றாவது ஜோடிக்கு அளவெடுத்தேன். மேலே வலைத்துணி கிடையாது, பஞ்சு அடைக்கும். பதிலாக விரல் பக்கம் தாழ்வாக ஒரு திறப்பு, கணுக்கால் பக்கம் உயரமாக ஒன்று, இரண்டின் மேலும் பஞ்சு விழாமல் தாழ்வாரம் மாதிரி ஒரு மடிப்பு. உள்ளங்கால் அட்டைக்கு அடியில் வாய்க்கால் வெட்டி, ஒவ்வொரு மிதிக்கும் பழைய காற்று மேல் திறப்பு வழியாகப் போய்ப் புதுசு கீழ்த் திறப்பு வழியாக வருகிற மாதிரி. மில் காற்று ஈரம் என்பதால் சல்லாத் துணி உள்ளுறை, கழற்றி மாற்ற மூன்று செட். உள்ளே ஒரு தையல்கூடத் தோலில் உரசக் கூடாது, உரசினாலும் அவருக்குத் தெரியாதே. இதில் பாதி யோசனை பஸ் கண்டக்டரோடு பேசும்போது வந்தது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. ஆண்டாள் கோயிலுக்கு வெயில் காலத்தில் காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள், இல்லாவிட்டால் சாயங்காலம் நடை திறந்து கல் கொஞ்சம் ஆறின பிறகு. பால்கோவாவைச் சூடாக அங்கேயே சாப்பிடுங்கள், பொட்டலம் ஊருக்கு. நேரமிருந்தால் செண்பகத்தோப்பு பக்கம் போகலாம், வனத்துறைச் சாவடியில் கேட்டுக்கொண்டு போங்கள். அங்கே நல்ல ஷூ அவசியம், முள் உண்டு. நான் சொன்ன பஸ் நேரம் அந்தக் காலத்துது, இப்போது விசாரித்துக்கொள்ளுங்கள். கூட வருகிறவருக்குச் சர்க்கரை இருந்தால், கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவர் காலை ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். திரும்பி வந்ததும் இன்னொரு தடவை. அவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும் பாருங்கள்.

மூன்றாவது ஜோடியை அந்த வருடம் தீபாவளிக்கு நானே கொண்டுபோனேன். அண்ணன் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போனார். முடிந்து வந்ததும் வாசலில் உட்கார்ந்து காலை நீட்டினார். எப்படி இருந்தது என்று இந்தத் தடவை நான் கேட்கவில்லை. அவர்தான் மதினியைப் பார்த்துக் கேட்டார்: "வேலம்மா, எனக்குக் கால் புழுங்குதா?"

மதினி ஒரு ஷூவைக் கழற்றி உள்ளே கையை விட்டாள். விரல் இடுக்கெல்லாம் தடவிப் பார்த்தாள். "இல்ல" என்றாள். "ஒங்களுக்கு நல்லாத்தான் இருக்கு."