மேசைக்குப் பின்னால் நின்ற ராணி

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு மே மாதம், குன்னூரில் நடந்தது இது. பள்ளிக்கூட நாடகங்களுக்கும் சர்ச் நாடகங்களுக்கும் இலவசமாக உடை தைத்துக் கொடுக்கும் குழு எங்களுடையது. மொத்தமே பத்துப் பேர். பழைய மண்டபம் ஒன்றில் நடந்த கண்காட்சியில் எங்களுக்கும் இரண்டு மேசை கிடைத்தது.

மேசை போடுவதில் என்ன கஷ்டம் என்று கேட்பவர்கள் ஒருமுறை மலையில் போட்டுப் பார்க்க வேண்டும். மூடுபனி உள்ளே வந்தால் அட்டைக் கிரீடம் நமுத்துப்போகும். உடை மாட்டும் ஆளுயர பிளாஸ்டிக் பொம்மைகளின் முகத்தில் நீர் பூத்துச் சொட்டும், துடைத்துக்கொண்டே இருக்கணும். உடையும் பொம்மைக்குப் பொருந்தாது. கைகளை ஊக்கு குத்தி நிறுத்தி, முதுகில் நாடாவால் இழுத்துக் கட்டுவோம். அதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கொரு நினைப்பு.

மதியம் என் முறை. காலையில் இருந்தவர் பந்தலூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார். கொஞ்ச நேரத்தில் கரண்டும் போனது. ஜன்னல் வழியாகப் பனி இறங்க, கூட்டம் கலைந்தது. மேசைக்குப் பின்னால் ராஜா, தளபதி, முகமூடி போட்ட ராணி என்று மூன்று பொம்மைகள். ராணியின் பஞ்சு வைத்த உடை தொளதொளவென்று தொங்கியது. எனக்கா பொறுக்கும்? பின்னால் போய், மூச்சைப் பிடித்து நாடாவை இழுத்து இரண்டு முடிச்சுப் போட்டேன்.

குளிருக்கு ஒதுங்கிய ஒரு எஸ்டேட் அம்மா, "ஏனுங்க, அந்த ராணி பொம்மை வாயில புகை வருதுங்களே" என்றார்.

"பனிங்க அது" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. போகும்போது இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.

அப்புறம் நான் மட்டும்தான். எங்கிருந்தோ மெல்லிய விசில் சத்தம் வந்தது. காற்றாக இருக்கும் என்று ஜன்னல்களைச் சாத்தினேன். சத்தம் நிற்கவில்லை. ராஜாவைத் துடைத்தேன், தளபதியைத் துடைத்தேன். இரண்டும் ஐஸ் மாதிரி இருந்தன. ராணியின் கழுத்தில் துணியை வைத்தேன். சூடாக இருந்தது.

ஓடிவிடலாம் என்றுதான் கால் துடித்தது. அப்போது விசில் சத்தம் நின்றது. ராணியின் வாயருகே புகையும் இல்லை. அது நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. கத்திரிக்கோலை எடுத்து நாடாவை வெட்டி, முகமூடியைப் பிய்த்தேன்.

உள்ளே எங்கள் குழுவின் மூத்த அக்கா! ஆஸ்துமாக்காரர். உதடு நீலம் பாரித்திருந்தது. மேசைக்கடியில் இருந்த அவர் பையைக் கொட்டி, இன்ஹேலரைத் தேடி வாயில் வைத்து அழுத்தினேன். மூன்றாவது அழுத்தலில்தான் மூச்சு வந்தது. நான் அழுதுகொண்டிருந்தேன்.

நான் வருவதற்குச் சற்று முன் ராணி பொம்மையின் கால் உடைந்திருக்கிறது. என்னைப் பயமுறுத்தலாம் என்று காலையில் இருந்தவரும் அக்காவும் பேசிவைத்து, பொம்மை மாதிரியே கைகளை ஊக்கு குத்தி நிறுத்தி, அக்காவே அந்த உடைக்குள் நின்றிருக்கிறார்.

"நீ கட்டறப்ப வெளையாட்டாத்தான் இருந்தேன் கண்ணு. அப்புறம் சத்தமே வரலை, கையும் ஊக்குல மாட்டிக்கிச்சு" என்றார். என்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஒரு அம்மா கண்டுபிடித்த மூச்சை, எட்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து தைத்த நான் பனி என்று சொல்லிவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது.

இப்போதெல்லாம் வெறும் பொம்மைக்குக் கட்டும்போதுகூட, பக்கத்தில் யாரும் இல்லையென்றால், "மூச்சு விட முடியுதுங்களா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, ஒரு நிமிஷம் காத்திருந்துதான் முடிச்சுப் போடுகிறேன்.