செவ்வாய்க்கிழமைப் பட்டியல்

என் சித்தி ஒரு டயாலிசிஸ் மையத்தில் அலுவலகப் பொறுப்பாளர். பதினோரு மெஷின், எண்பத்து நான்கு நோயாளிகள். யாருக்கு எந்தக் கிழமை, எந்த நேரம், எந்த மெஷின் என்ற பட்டியல் முழுவதும் மையத்தின் இணையதளத்தில்தான் இருக்கிறது. அந்தத் தளம் வேறொரு கம்பெனியின் சர்வரில் வாடகைக்கு இருந்தது. போன மாதம் அது இரண்டு தடவை படுத்துவிட்டது. ஒரே மெஷினுக்கு இரண்டு பேர் வந்து நின்றார்கள். அதில் ஒருவர் வீங்கிய காலோடு திரும்பிப் போனார்.

"வேற நல்ல கம்பெனியா நீங்களே பார்த்துச் சொல்லுங்கம்மா" என்றார் டாக்டர்.

சித்தி கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை. ஆனால் செருப்பு வாங்கினாலும் கடைக்குள்ளேயே நாலு சுற்று நடந்து பார்க்கிறவர். இரண்டு கம்பெனிகளுக்கு நேரில் போனார். முதலாவதில் கண்ணாடிக் கதவு, கைரேகைப் பூட்டு, இரண்டு ஜெனரேட்டர். இரண்டாவதில் ஒரே ஜெனரேட்டர். அதை வாராவாரம் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட நோட்டு ஒன்றும் இருந்தது.

திங்கள் காலை எட்டு மணிக்கு, சோதித்துப் பார்க்க இரண்டு பேருக்கும் தளத்தின் நகலைக் கொடுத்தார். மதியம் அந்த நகல்களில் செவ்வாய்க்கிழமைப் பட்டியலை அழித்துவிட்டு, தெரியாமல் அழிந்துவிட்டதாகப் போன் செய்து, யார் சீக்கிரம் மீட்டுத் தருகிறார்கள் என்று பார்ப்பது திட்டம்.

"அழுற மாதிரி பேசப் போறேன்" என்றார் காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது.

"உனக்கு அழ வருமா? கல்யாணத்தன்னைக்கே நான்தான் அழுதேன்" என்றார் சித்தப்பா.

மதியம் திரையில் மூன்று பக்கங்கள் திறந்திருந்தன. இரண்டு நகல், ஒன்று நிஜம். மூன்றும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருந்தன. சித்தி வரிசையாக மூன்றிலும் அழித்துவிட்டார்.

வரவேற்பில் இருக்கும் பெண் ஓடிவந்தாள். "அக்கா, நாளைக்குப் பட்டியல் காலியா இருக்கு!"

நாளை இருபத்தெட்டுப் பேர் வர வேண்டும். சித்தி பழைய கம்பெனிக்குப் போன் போட்டார். அவர்களிடம் போன மாத நகல்தான் இருந்தது. கண்ணாடிக் கதவுக் கம்பெனி பத்து நிமிடம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு, ஒரு புகார் எண்ணைக் கொடுத்தது.

மூன்றாவதாக, ஒற்றை ஜெனரேட்டர் கம்பெனியில் போனை எடுத்தவர் வாயில் சோற்றோடு பேசினார். "சாப்பிட்டுட்டு இருக்கேன், பரவாயில்ல, சொல்லுங்கம்மா."

சித்தி அழுகிற மாதிரியெல்லாம் பேசவில்லை. நடந்ததைச் சொன்னார்.

"நிஜத்தையுமா அழிச்சீங்க? சரி, பதறாதீங்க. காலைல நீங்க குடுத்ததை உடனே தனியா எடுத்து வச்சிருக்கோம், அதைத் தர்றேன். ஆனா எட்டு மணிக்கு அப்புறம் யாருக்காவது நேரம் மாத்தியிருந்தா இதுல இருக்காது. அதை நீங்கதான் பிடிக்கணும்."

நாற்பது நிமிடத்தில் பட்டியல் வந்தது. எட்டு மணிக்குப் பிறகு போன் செய்திருந்த எல்லோரையும் சித்தியும் அந்தப் பெண்ணும் திரும்பக் கூப்பிட்டார்கள். இரண்டு பேர் நேரம் மாற்றியிருந்தார்கள். திருத்தினார்கள். செவ்வாயன்று இருபத்தெட்டுப் பேரும் வந்தார்கள். ஒருவர்கூடத் திரும்பிப் போகவில்லை.

எந்தக் கம்பெனி நல்லது என்று சித்தி எழுதிக் கொடுத்த அறிக்கையைப் புதன்கிழமை டாக்டர் படித்தார். "உங்க தப்பையும் எழுதியிருக்கீங்களே?"

"அதை விட்டுட்டா, இந்தக் கம்பெனியை ஏன் எடுத்தேன்னு சொல்ல முடியாதே டாக்டர்."

டாக்டர் சிரித்தபடி கையெழுத்துப் போட்டார். கீழே ஒரு வரியும் சேர்த்தார்: பட்டியலை அழிப்பதென்றால் இனி இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்துதான் அழிக்க வேண்டும்.