ஓடாத மீட்டர்

எங்கள் டிப்போவில் அண்ணனின் சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ‘இடி’ என்றால் வாட்ச்மேன்கூடக் கையைக் காட்டுவார். ஓய்வறையில் அவர் படுத்துவிட்டால் மற்ற டிரைவர்கள் தலையணையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடுவார்கள். அப்படி ஒரு குறட்டை. அவர் ஓட்டும் பஸ்ஸில் நான் கண்டக்டர்.

ஒரு நாள் சிக்னலில் பச்சை விழுந்தும் வண்டி நகரவில்லை. விசில் அடித்தேன். மறுபடியும் அடித்தேன். எட்டிப் பார்த்தால், பிரேக்கில் காலை வைத்தபடியே அண்ணன் தூங்குகிறார். வண்டி நிறைய ஜனம். தோளைத் தட்டி எழுப்பினேன். ஆனாலும் நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. ட்ரிப் முடிந்ததும் அவரே நேராக மேலாளர் அறைக்குப் போய், “சார், எனக்கு வண்டி குடுக்காதீங்க. ஓட்டும்போது தூங்கிட்டேன்” என்று சொல்லிவிட்டு வந்தார். இப்படி ஒரு மனுஷனை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

மருத்துவமனையில் தூங்கவைத்துப் பார்த்தார்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதாம். முகத்தில் மாஸ்க் மாட்டிக் காற்று கொடுக்கும் மெஷின் வேண்டும் என்றார் டாக்டர். ஒரே அழுத்தத்தில் ஊதும் சாதாரண மெஷினில் அண்ணனால் மூச்சை வெளியே விடவே முடியவில்லை. அதனால் ‘பைலெவல்’ மெஷின். அது மூச்சை இழுக்கும்போது அழுத்திக் கொடுக்கும், விடும்போது குறைத்துக்கொள்ளும். அதைப் போட்டு ஒழுங்காகத் தூங்குகிறார் என்று மெஷினில் உள்ள பதிவுக் கார்டு காட்டினால்தான் ஸ்டியரிங் திரும்பக் கிடைக்கும். அதுவரை டயருக்குக் காற்றுப் பிடிக்கும் வேலை. காற்றுக்கு அல்லாடுகிறவர் கையில் காற்றுக் குழாயா என்று மெக்கானிக்குகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. “இன்னும் கொஞ்ச நாள்தான். என் சீட்டுல வேற எவனையும் நிரந்தரமா உக்கார விடமாட்டேன்” என்றார்.

புது மெஷினின் விலையைக் கேட்டதும் அண்ணி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“பழசு பாப்போம்” என்றார் அண்ணன். “பழைய வண்டி பாக்கத் தெரிஞ்சவனுக்கு இது என்ன பெரிய விஷயம்?”

வாங்கும் மெஷினைத் தன்னிடம் காட்டி, அழுத்தத்தைச் சரியாக வைத்துக்கொண்ட பிறகுதான் தினமும் போட வேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். சொந்தமாக வாங்கிய புது மாஸ்க்கையும் குழாயையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அண்ணன் கிளம்பினார். கூட நானும் அண்ணியும்.

முதலில் ஒரு கடை. மெஷின் பட்டு மாதிரி ஓடுகிறது என்றார் கடைக்காரர். அண்ணன் குனிந்து, வெளியே வந்த காற்றை முகர்ந்து பார்த்தார். “நல்லா சிகரெட் பிடிச்ச மெஷினுங்க இது. நானே கஷ்டப்பட்டு விட்டிருக்கேன், திரும்ப ஆரம்பிக்க வேணாம்.”

அடுத்தது ஒரு வீடு. பைலெவல் என்றுதான் விளம்பரம். திரையைத் தட்டிப் பார்த்தால் ஒரே ஒரு அழுத்தம்தான் இருக்கிறது. “ரெண்டும் ஒண்ணுதான் சார், பேருதான் வேற” என்றான் விற்கிறவன். “எனக்கு மூச்ச வெளியவும் விடணும் தம்பி” என்று சொல்லிவிட்டு அண்ணன் படியிறங்கினார்.

அண்ணிக்குக் கால் விட்டுப்போனது. “ஏதாவது ஒண்ண வாங்கித் தொலைங்களேன்!”

“பிரேக் பாக்காம வண்டி எடுப்பேனா?”

மூன்றாவது இடம் மாடி வீடு. தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் கதவைத் திறந்தார். கணவர் இறந்து ஒரு வருடம் ஆகிறதாம். மெஷின் அவருடையது. “விலையப் பத்திப் பேச வேணாம்” என்றார் எடுத்த எடுப்பில். “குடுக்கிறதா வேணாமான்னே நான் இன்னும் முடிவு பண்ணல.”

அண்ணன் அதைக் காதில் வாங்கினால்தானே? நேராக மெஷினின் முதுகில் கையை வைத்தார். பழைய வண்டி விற்கிறவர்கள் ஆள் வருமுன்னே இன்ஜினை ஓட்டிச் சூடேற்றி, கோளாறை மறைத்துவிடுவார்கள். இது ஜில்லென்று இருந்தது. தானே ஸ்விட்சைப் போட்டார், காதை வைத்துக் கேட்டார், முகர்ந்தார். திரையில் இரண்டு அழுத்தமும் இருந்தன. கடைசியில், எவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும் மீட்டர்.

அதைப் பார்த்ததும் புதையல் கிடைத்தவர் போல என் பக்கம் திரும்பினார். “டேய், இங்க பாருடா! ஓடவே இல்ல! ஷோரூம் வண்டிடா இது!”

நானும் ஆஹா என்றேன். எங்கள் புத்திக்கு, மீட்டர் குறைவு என்றால் கொண்டாட்டம்தான்.

“ஓடலதான்” என்றார் அந்த அம்மா. “அவர் போட்டுக்கவே இல்ல. மாட்டிக்கிட்டா யானை மாதிரி இருக்கேன்னு சிரிப்பாரு. நானும் சேந்து சிரிச்சேன். அந்த மீட்டர் ஓடியிருந்தா அவர் இருந்திருப்பாரு.”

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அண்ணன் பையைத் திறந்து மாஸ்க்கை எடுத்தார்.

“அம்மா, இந்த சோபாவுல கொஞ்சம் படுத்துக்கவா?”

“அடுத்தவங்க வீட்டுலயா? மானத்த வாங்காதீங்க” என்று அண்ணி பல்லைக் கடித்தார். அண்ணன் படுத்தேவிட்டார். மாஸ்க்கை மாட்டியதும் நிஜமாகவே யானைதான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அண்ணி சிரிக்கவில்லை. பக்கத்தில் போய் வாரைச் சரிசெய்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் தூங்கிப்போனார். இடி இல்லை, மழை இல்லை. மார்பு ஒரே சீராக ஏறி இறங்கியது. அந்த அம்மா நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தபடியே இருந்தார். ரொம்ப நேரமாகிறதே என்று நான் எழுப்பப் போனதற்கு, கையைத் தட்டிவிட்டார்.

மெஷினைக் கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மாதாமாதம் போன் செய்வார், அந்த மாதம் மீட்டர் எவ்வளவு ஓடியது என்று சொல்ல வேண்டும்.

அண்ணன் மறுபடியும் வண்டி ஓட்டுகிறார். கார்டைப் பார்த்துவிட்டு மேலாளரே கூப்பிட்டுச் சாவி கொடுத்தார். அந்த அம்மாவும் சொன்னபடி மாதாமாதம் கூப்பிடுகிறார். பேருந்து நிலையத்தில் வண்டியை விட்டு இறங்கி நின்று, மேலதிகாரிக்குச் சொல்வதுபோல அண்ணன் எண்ணைச் சொல்வார். “சரி” என்று அந்த அம்மா வைத்துவிடுவார்.

போன மாதம் எண் குறைந்துபோனது. “சளி பிடிச்சிருந்துச்சும்மா, கொஞ்ச நாள் போடல” என்று இழுத்தார் அண்ணன். கிளம்பும் நேரமாகிவிட்டது, பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடித்தது. அண்ணன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

“இனிமே விடமாட்டேன்மா” என்றார். “சத்தியமா விடமாட்டேன். அழாதீங்க.”