ஐம்பது விநாடி நி.

எழுந்து நின்றுகொண்டுதான் படித்துப் பார்ப்பார். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, தாளை எட்டப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு. பாராட்டுரை என்பது உட்கார்ந்து படிக்கிற சமாசாரம் இல்லையாம். "மைதானத்துல நின்னுக்கிட்டுத்தான் சார் கேக்கறாங்க. வெயில்ல நிக்கறவனுக்குக் கால் வலிக்கறதுக்குள்ள முடிஞ்சிடணும்." நூற்றிருபது வார்த்தையைத் தாண்டினால் அவரே அடித்துவிடுவார். படிக்கிற அதிகாரி எங்கே மூச்சு விடவேண்டும் என்று பார்த்துப் பார்த்துப் பென்சிலால் கமா போடுவார். விமானத் தடுப்புப் படைப்பிரிவின் அந்தத் தலைமை எழுத்தருக்கு அதனால் கமா என்றே பெயர். சிப்பாய்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். அவருக்கும் தெரியும்.

சீருடை போட்ட ஆள் என்றாலும், பயிற்சியில் சுட்ட ஐந்து தோட்டாக்களோடு அவருடைய சண்டை முடிந்துவிட்டது. பிறகு இருபத்தாறு வருடமும் காகிதம்தான். அறையில் நான்கு இரும்பு அலமாரி, சுற்றும்போதெல்லாம் முனகும் ஒரு மின்விசிறி, பேனா போட்டு வைக்க ஒரு வெற்றுத் தோட்டா உறை. வீரர்களுக்குப் பதக்கம் ஆனாலும் சான்றிதழ் ஆனாலும் முதல் வரி அந்த மேசையில்தான் பிறக்கவேண்டும்.

பீரங்கி அணிகளிலிருந்து வரும் பரிந்துரைகளைப் படிக்கும்போது அவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். "புலி மாதிரி பாஞ்சாருன்னு எழுதி அனுப்பறாங்க. எங்க பாஞ்சாரு? அந்த ஆளு ரேடார் முன்னாடி உக்காந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்ல. அதுதான் சார் அவரு செஞ்ச வேலை!" இப்படிப் பொரிந்துவிட்டு, தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சைக்கிளில் பீரங்கி மேட்டுக்கே போய்விடுவார். ஒருநாள், பக்கத்து அறையில் சம்பளக் கணக்குப் பார்த்த நானும் கூடப் போனேன். மேட்டில் காவலிருந்த ஒரு சிப்பாயைப் பிடித்துக் கேட்டார்:

"என்னப்பா பண்ணே அன்னைக்கு?"

"ஒண்ணும் பண்ணல சார். வானத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"பதினாறு மணி நேரம்."

"அதை மொதல்ல சொல்றதுக்கென்ன, வாயில கொழுக்கட்டையா?"

இந்தப் படையில் நல்ல நாள் என்பது எதுவும் நடக்காத நாள். நடக்காததை எழுத வார்த்தை வேண்டும். அது எளிதில் கிடைக்காது. கிடைக்கும்வரை வீட்டிலும் முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். அவர் மனைவி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்: "ஊர்ல இருக்கற ஆம்பளைங்களுக்கெல்லாம் பாராட்டு எழுதறாரு. என் சமையலுக்கு இன்னும் ஒரு வரி வரல." உள்ளேயிருந்து பதில் வந்தது: "பரிந்துரை வரட்டும், பாக்கலாம்!"

நான் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தது இந்த வேடிக்கைக்காக அல்ல. ஒரு வார்த்தைக்காக.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம். ரேடார் திரையில் ஒரு புள்ளி. யார் என்று கேட்டால் பதில் இல்லை. பீரங்கிகள் தயார். திரைக்கு முன் இருந்த ரேடார்காரர் 'எதிரி' என்று ஒரு சொல் சொன்னால் போதும், சுட்டுவிடுவார்கள். அவர் அதைச் சொல்லவில்லை. "நிறுத்துங்க" என்றார். அந்தப் புள்ளி ஆற்றின் வளைவுக்கு மேலே வந்ததும் மெல்ல இடப்பக்கம் திரும்பியது. தினமும் நம் சரக்கு விமானம் இறங்க வரும்போது திரும்புகிற அதே திருப்பம். ஐம்பது விநாடி. அதற்குள் விமானம் கண்ணுக்கே தெரிந்துவிட்டது, நம்முடையதுதான். மின்கோளாறில் அதன் வாய் அடைத்துப்போயிருந்தது. உள்ளே காயம்பட்டவர்களும் செவிலியர்களுமாகப் பத்தொன்பது பேர்.

அன்றைய கைப்பதிவில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: '50 வி. நி.' அதைச் சுத்தப் பிரதி எடுத்தவர் கமா. பண்டகசாலையிலிருந்து மாற்றலாகி வந்து ஒன்பதாவது நாள். பண்டகசாலையில் 'நி.' என்றால் நிலுவை. வரவேண்டிய பொருள் இன்னும் வரவில்லை என்று பொருள். சொல்லவேண்டியது ஐம்பது விநாடி வராமல் இருந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். நிலுவை என்று போட்டால் நன்றாக இல்லையே என்று நடையை வேறு அழகுபடுத்தி எழுதினார்: 'அறிவிப்பதில் ஐம்பது விநாடி தாமதம்.'

அப்போதிருந்த தளபதி அதில் கையெழுத்துப் போட்டார். தாமதம் என்ற சொல் ரேடார்காரரின் பணிப் பதிவேட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இரண்டு முறை பதவி உயர்வு அவரைத் தாண்டிப் போனது. மேலிடம் அப்படி நினைக்கிறது போலும் என்று கூட இருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்த வருடம் புதிதாக வந்த தளபதியிடம், பிழைத்த செவிலியர்களில் ஒருவர் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். ரேடார்காரர் ஓய்வு பெற மூன்று மாதம்தான் பாக்கி. பாராட்டு எழுது என்று உத்தரவு வந்தது. கமா எழுதினார். படிவத்தில் 'வீழ்த்திய இலக்குகள்' என்ற இடத்தில் 'ஏதுமில்லை' என்று போட்டார். சாதனை விளங்கவில்லை என்று மேலிடத்திலிருந்து திரும்பி வந்தது. விளக்கி எழுதினார். மறுபடி வந்தது, இந்த முறை ஒரு கேள்வியோடு: 'தாமதித்தவருக்குப் பாராட்டு எதற்கு?'

அதன்பிறகுதான் பழைய கைப்பதிவைத் தேடி எடுத்து, பீரங்கிக்காரர் ஒருவரிடம் நீட்டியிருக்கிறார். "இதென்னப்பா 'நி.'?"

"நிறுத்துன்னு அர்த்தம் சார். சுடாதேன்னு. வேற என்ன?"

அன்று அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்ததைப் பார்த்தேன். ஏறத் தோன்றவில்லை போலிருக்கிறது.

பதிவேட்டில் ஏறிய சொல்லை இறக்கவேண்டுமானால், எழுதியவர் தன் பிழை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடவேண்டும். கமாவின் கோப்பில் அதுவரை ஒரு கீறல் கிடையாது. தளபதியே தயங்கினார். "பழசை ஏன் கிளறணும்? புதுசா இன்னொரு விளக்கம் எழுதிப் பாக்கலாமே."

"அவரு மேல அழுக்கை அப்பினது நான் சார். நானே துடைச்சாத்தான் போகும்."

எழுதிக் கொடுத்தார். கண்டனக் கடிதம் வந்தது. அதில் ஒரு சந்திப்பிழை இருந்தது. அதைத் திருத்திவிட்டுத்தான் தன் கோப்பில் வைத்தார்.

காகிதத்தில் ஒப்புக்கொண்டது போதாதென்று ரேடார்காரரை நேரில் பார்க்கவும் போனார், என்னையும் கூட்டிக்கொண்டு. நடந்ததைச் சொன்னார். ரேடார்காரர் திட்டியிருந்தால் தேவலை என்று எனக்கே தோன்றியது. அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நாலு வருஷமா ராத்திரி படுத்தா அந்த அம்பது விநாடியைத்தான் எண்ணுவேன் சார். ஒரு பத்து விநாடி முன்னாடியே கண்டுபிடிச்சிருக்கலாமோ, இருபது குறைச்சிருக்கலாமோன்னு. பெரியவங்க தாமதம்னா தாமதம்தானேன்னு நானும் நம்பிட்டேன்."

கமா தலையைக் குனிந்துகொண்டார். என்னால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை.

மூன்றாவது முறை போன தாள் திரும்பி வரவில்லை. ஓய்வுக்கு நான்கு நாள் முன்னதாக, காலை அணிவகுப்பில் தளபதி படித்தார். எண்பத்தெட்டு வார்த்தை. புலியும் இல்லை, பாய்ச்சலும் இல்லை. ஒருவர் உட்கார்ந்த இடத்தில் இருந்துகொண்டு பத்தொன்பது உயிரைக் காப்பாற்றினார் என்பது மட்டும் இருந்தது. கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. கமா கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றிருந்தார். அவர் மட்டும் தட்டவில்லை.

எல்லாம் கலைந்த பிறகு, சான்றிதழோடு ரேடார்காரர் எழுத்தர் அறைக்கு வந்தார். கமா சட்டென்று எழுந்து நின்றார். வந்தவர் தாளை மேசைமேல் விரித்தார். மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். எழுத்தெல்லாம் கலங்கலாகத் தெரிந்தது.

"காதால கேட்டுட்டேன் சார். ஆனா கண்ணால பாக்கணும்னு இருக்கு. அது எங்க இருக்கு?"

கமா மேசையைச் சுற்றி வந்து, அவருடைய சுட்டுவிரலைப் பிடித்து, ஐந்தாவது வரியில் 'நிறுத்தினார்' என்ற சொல்லின் மேல் வைத்து, கையை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.