மைனா மட்டும் குரைத்தது

பழுப்பேறிய கான்வாஸ் பை ஒன்றுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. தபால் மூட்டை கட்டுகிற பை. அதன் வாயிலிருந்து ஒரு நாய்க்குட்டியின் காது மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பாபநாசத்துக்குப் பக்கத்திலிருந்த கால்நடை மருந்தகத்தில் நான் மருத்துவராகச் சேர்ந்த புதிது. அரசாங்கம் இலவசமாக ஆடு கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. பரிசோதித்து, காதில் வில்லை போட்டு அனுப்ப வேண்டிய ஆடுகளும் அவற்றை வாங்க வந்தவர்களும் கட்சிக்காரர்களுமாக மருந்தக வாசலில் நிற்க இடமில்லை. அந்தக் கூட்டத்தைத் தோளால் விலக்கிக்கொண்டு, ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாள் பையோடு நேராக என் மேசைக்கு வந்தார். "ஆடெல்லாம் நிக்கும் டாக்டரம்மா. இது நிக்காது" என்றார். பையை விரித்தால் குட்டியின் கழுத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புழு வைத்த புண். நான் இடுக்கியால் புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்து முடிக்கும்வரை அவர் குட்டியின் முன்கால்களைப் பிடித்துக்கொண்டு அதனிடம் ஏதேதோ பேசிக்கொண்டே இருந்தார். வெயிலில் நின்றவர்கள் முணுமுணுத்தது அவர் காதில் விழவே இல்லை.

பக்கத்து ஊர்க் கிளை அஞ்சலகத்தின் போஸ்ட்மாஸ்டர் அவர். சுற்றுப்பட்டு முழுக்க அவரைப் போஸ்ட்மாஸ்டரம்மா என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படித்தான். கல்யாண மண்டப வாசலில் எச்சில் இலைக்கு அடித்துக்கொண்டு கிடந்தவை, பேருந்து நிலையத்தில் அடிபட்டவை, பொட்டைக் குட்டி வேண்டாம் என்று வாய்க்கால் கரையில் விடப்பட்டவை என்று எல்லாவற்றையும் தூக்கி வருவார். அவர் வீட்டுக் கொல்லையில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. கறிக்கடை பாய் கழிவில் நல்லதாகப் பார்த்துத் தனியே எடுத்துவைப்பார். நான் ஊசி போடுவேன், கருத்தடை செய்வேன். புண் ஆறி, உடம்பு தேறியதும் அவருடைய முக்கியமான வேலை ஆரம்பிக்கும். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் வரன் பார்ப்பது.

உண்மையிலேயே அப்படித்தான் பார்த்தார். பணம் எடுக்கவும் மணியார்டர் வாங்கவும் வருகிறவர்களிடம் பேச்சோடு பேச்சாக வீட்டு நிலவரம் முழுவதையும் வாங்கிவிடுவார். எந்த வயலில் எலித் தொல்லை, எந்த வீட்டில் கிழவர் தனியாக இருக்கிறார், எங்கே மருமகளுக்கு நாய் என்றால் பயம், எல்லாம் அவருக்குத் தெரியும். "இது அதட்டல் தாங்காது டாக்டரம்மா, வாத்தியார் வூட்டுக்குக் குடுக்க முடியாது" என்பார். "அது வாய் ஓயாது. செவிட்டுத் தாத்தா வூட்டுக்குத்தான் லாயக்கு." கொடுத்துவிட்டும் சும்மா இருக்கமாட்டார். பத்துப் பதினைந்து நாள் கழித்துப் பெண் வீட்டார் மாதிரி போய்ப் பார்ப்பார். இளைத்திருந்தால் திருப்பித் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்.

அப்படி அவர் அதிகமாக நாய்களைக் கொடுத்தது பிரதான சாலையிலிருந்து உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு சிற்றூருக்கு. ஊர் முகப்பில் இரண்டு கட்சிகளின் கொடிக்கம்பங்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அங்கிருந்த குடும்பங்கள் எல்லாம் ஒரு தலைமுறைக்கு முன்னால் பண்ணையில் கூலிக்கு நின்றவை. கூலி உயர்வு கேட்டு அடிபட்டு, சிறைக்குப் போய், கடைசியில் உச்சவரம்புச் சட்டத்தில் துண்டு துண்டாக நிலம் வாங்கியவர்களின் பிள்ளைகள். வீடுகள் எட்ட எட்ட இருந்தன. ஆண் பெண் எல்லோரும் வயலுக்குப் போய்விடுவதால் பகலில் வீட்டுக்குக் காவல் வேண்டும். போஸ்ட்மாஸ்டரம்மா வீடு வீடாக நடந்து பேசினார். முதலில் சிரித்தார்கள். பிறகு செவிட்டுத் தாத்தா தொடங்கி ஒவ்வொருவராக வாங்கிக்கொண்டார்கள். அந்த ஊரின் வாய்க்கால் போய் முடிகிற கடைமடையில் ஒரு வீடு. அங்கிருந்த பெண் குழந்தை பள்ளிக்கூடம் விட்டு நேராக அஞ்சலகத்துக்கு வந்து, எனக்கொரு நாய் என்று தினம் நின்றது. அதற்குக் கொடுத்ததுதான் மைனா. பேருந்தில் அடிபட்டுப் பின்கால் ஒன்று சற்று இழுத்து நடக்கும் கறுப்பு நாய். மூக்கின் மேல் மட்டும் மஞ்சள் தடவியதுபோல ஒரு கீற்று.

பிறகு அந்தப் பக்கம் எரிவாயுக் கிணறு தோண்டப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. நிலத்தைக் கொடுப்பதில்லை என்று கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் வந்து மைக்கில் பேசிவிட்டுப் போனார்கள். கம்பெனி ஆட்கள் பந்தல் பக்கமே வராமல், ஊர் அசந்திருக்கும் நேரமாகப் பார்த்து வயல் வழியாக நிலம் அளக்க வர ஆரம்பித்தார்கள். ஆனால் அவர்கள் வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்போதே ஒரு நாய் குரைக்கும். அதைக் கேட்டு அடுத்த வீட்டு நாய், பிறகு எல்லா நாய்களும். நடவிலிருந்த பெண்கள் சேற்றுக் காலோடு ஓடி வருவார்கள். அளவுக் கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர்கள் திரும்பிப் போவார்கள். "எங்க ஊர் போலீஸு" என்று அந்த ஊர்க்காரர்கள் தங்கள் நாய்களைச் சொல்லிச் சிரித்தார்கள். இதைக் கேட்டபோது போஸ்ட்மாஸ்டரம்மாவின் முகத்தில் வந்த பெருமையை நான் வேறெப்போதும் பார்த்ததில்லை. "தெருவுல கல்லடி வாங்கினதுங்க டாக்டரம்மா. இப்ப பாருங்க, ஊரையே காக்குதுங்க" என்றார்.

ஒரு நாள் விடியும் நேரத்தில் அவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். என் வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்து போகும் வழியைக் கையால் காட்டினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எங்களைப் பார்த்து ஒரு நாயும் குரைக்கவில்லை. வாசல்களிலும் வரப்புகளிலும் வைக்கோல் போர் ஓரத்திலும் நாய்கள் கிடந்தன. வாயில் நுரை. கருவாடு பிசைந்த சோறு ஆங்காங்கே வாழை மட்டையில் மிச்சம் இருந்தது. வயலுக்கு அடிக்கும் மருந்தின் நெடி குனியாமலேயே தெரிந்தது. சில நாய்களுக்கு இன்னும் மூச்சு இருந்தது. விஷத்தை முறிக்கும் அட்ரோபின் ஊசிமருந்து என் பையில் கொஞ்சம்தான் இருந்தது. எதற்கு முதலில் போடுவது என்று நான் திகைத்து நின்றபோது, போஸ்ட்மாஸ்டரம்மா ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கிப் பார்த்து, "இதுக்குப் போடுங்க, இதுக்கு... வேண்டாம், அதுக்கு" என்று ஓடினார். ஒவ்வொன்றும் அவர் கையால் புண் ஆறியது. ஒவ்வொன்றும் அவரை அடையாளம் கண்டு வாலை அசைக்கப் பார்த்தது. வெயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒன்றைக்கூட எங்களால் காப்பாற்ற முடியவில்லை.

அவர் செவிட்டுத் தாத்தாவின் வாசலில், செத்த நாயின் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். ஊர் முழுக்கச் சுற்றி நின்றது. அப்போது கடைமடை வீட்டுப் பெண் கூட்டத்துக்குள் நுழைந்து வந்தது. போஸ்ட்மாஸ்டரம்மா அழுவதைத் தாங்காமல், பாவாடை நுனியால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டே சொன்னது.

"அழுவாதீங்கம்மா. எங்க மைனா நல்லாருக்கு. அப்பா நேத்து சாயங்காலமே உள்ள கட்டிட்டாங்க."

தூரத்தில், கடைமடைப் பக்கமிருந்து, மைனா மட்டும் குரைத்துக்கொண்டிருந்தது. அதுவரை அது யார் காதிலும் தனியாக விழவில்லை. அந்த நிமிஷத்தில் எல்லோர் காதிலும் விழுந்தது. போஸ்ட்மாஸ்டரம்மா குழந்தையின் வாயைப் பொத்துகிறவர்போல அதைத் தன் மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டார். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

கடைமடைக்காரரை நான் அதற்கு முன்னால் மாட்டுக்கு மருந்து வாங்க வரும்போது பார்த்திருக்கிறேன். அதிகம் பேசாதவர். ஊருக்கெல்லாம் பாய்ந்து முடிந்த பிறகு மிச்சம் இருந்தால்தான் அவர் வயலுக்குத் தண்ணீர். பெரும்பாலும் மிச்சம் இருக்காது. நிலத்தைத் தருவதாக அவர் ரகசியமாகச் சம்மதித்திருந்தார் என்பது அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது. ஆண்கள் அவர் வீட்டு வாசலில் கூடினார்கள். அடியும் விழுந்தது. போஸ்ட்மாஸ்டரம்மா உள்ளே போய் அவர் எதிரில் நின்றார். நான் பின்னால் நின்றேன்.

"கொல்லச் சொல்லலீங்கம்மா" என்றார் அவர். உதடு கிழிந்திருந்தது. "மயக்க மருந்துன்னுதான் குடுத்தாங்க. ஒரு ராத்திரி தூங்கும், அளந்துட்டுப் போயிடுவோம்னாங்க. தண்ணியே வராத நெலத்துக்கு எனக்கென்னங்க பெருமை?"

"மயக்க மருந்துதானேப்பா" என்றார் அம்மா. குரல் உயரவே இல்லை. "அப்ப மைனாவ ஏன் கட்டினீங்க?"

கடைமடைக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சரிந்து உட்கார்ந்தார். அவருக்கே அந்தக் கேள்வி அப்போதுதான் கேட்டது போலிருந்தது.

வெளியே, மைனாவைக் கொடு என்று இளவட்டங்கள் கத்தினார்கள். எங்க நாய் எல்லாம் செத்துப்போச்சு, அவன் நாய் மட்டும் குரைக்கணுமா என்றான் ஒருவன், கையில் கடப்பாரையோடு. போஸ்ட்மாஸ்டரம்மா மைனாவைச் சங்கிலியோடு பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். "வாயில்லா ஜீவன் என்னப்பா பண்ணுச்சு? நான் கொண்டுபோயிடறேன். உங்க கண்ணுலயே படாது" என்றார். கூட்டம் வழிவிட்டது. ஆனால் செவிட்டுத் தாத்தாவின் மகள், யாரையும் திட்டாமல், சாதாரணமாகச் சொன்ன ஒரு வார்த்தைதான் அவரை நிறுத்தியது. "நீங்க குடுக்காம இருந்திருந்தா எங்க நாய் பஸ் ஸ்டாண்டுலயே கெடந்திருக்கும்மா. உசுரோட கெடந்திருக்கும்."

அதன் பிறகு அவர் எந்த நாய்க்கும் வரன் பார்க்கவில்லை.

மைனாவைச் சுற்றுவட்டாரத்தில் யாரும் ஏற்கமாட்டார்கள். கறிக்கடை பாய்தான் வழி சொன்னார். "தரங்கம்பாடி பக்கம் என் மச்சான் இறால் குட்டை பாக்கறாரும்மா. எங்கள்ல வூட்டுக்குள்ள விடமாட்டாங்க. ஆனா குட்டையில ராணி மாதிரி இருக்கும்." பாயின் லோடு ஆட்டோவில் நானும் அம்மாவும் மைனாவும் போனோம். பிரதான சாலை வரை கடைமடை வீட்டுக் குழந்தை கூடவே நடந்து வந்தது. எப்ப திரும்பிக் குடுப்பீங்க என்று கேட்டது. சண்டை முடியட்டும் என்றார் அம்மா. கும்பகோணம், குத்தாலம், மயிலாடுதுறை என்று வழி நெடுக மைனா பின்னால் போகும் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றது. திருக்கடையூர் தாண்டி உப்புக்காற்று அடித்ததும் காதை மடக்கிக்கொண்டு அம்மாவின் மடியில் படுத்துவிட்டது.

சில வாரங்கள் கழித்துப் பாய் அஞ்சலகத்துக்கு வந்தார். கவுண்டர் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றே சொன்னார். மைனா பழகிவிட்டது என்று நம்பி அவிழ்த்து விட்டிருக்கிறார்கள். அன்றே காணாமல் போயிருக்கிறது. மச்சான் கடற்கரை முழுக்கத் தேடிவிட்டு, சொல்லப் பயந்து நாள் கடத்தியிருக்கிறார். "வூட்டைப் பாத்துத்தான் கெளம்பியிருக்கும்மா" என்றார் பாய். அத்தனை தூரம், அந்தக் காலோடு.

கடைமடைக்காரரோடு ஊர் பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டது. குழாயடியில் தண்ணீர் பிடிக்க விடவில்லை. அவர் குடும்பத்தோடு திருப்பூருக்குப் பிழைக்கக் கிளம்பினார். பேருந்து நிலையத்துக்குப் போஸ்ட்மாஸ்டரம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பெண் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது. "மைனா எப்படிம்மா இருக்கு?" என்றது. "குட்டையச் சுத்தி ஓடுதுடி. இறால் தின்னு குண்டாயிடுச்சு. உன்னைக் கேட்டுச்சுன்னு சொல்லச் சொல்லுச்சு" என்றார் அம்மா. ஜன்னல் கம்பியில் இருந்த குழந்தையின் விரல்களைத் தடவிக்கொடுத்தார். பக்கத்தில் இருந்த தகப்பன் தலையைத் தூக்கவே இல்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போஸ்ட்மாஸ்டரம்மா மயிலாடுதுறைக்குப் பேருந்து ஏறுவார். அங்கிருந்து தரங்கம்பாடி. பிறகு அதே வழியில் திரும்புவார். போகும்போது ஒரு பக்க ஜன்னல், வரும்போது மறு பக்க ஜன்னல். சில முறை நானும் போயிருக்கிறேன். சாலையோரம் கறுப்பாக ஏதாவது தெரிந்தால் எழுந்து நின்றுவிடுவார். ஒருமுறை ஆடுதுறையில் ஓடும் பேருந்தை நிறுத்தச் சொல்லி இறங்கினோம். வேறு நாய். பிஸ்கட் போட்டுவிட்டு அடுத்த பேருந்துக்கு நின்றோம். ஓய்வு பெற்ற பிறகும், முழங்கால் ஒத்துழைத்த வரை, அவர் இந்தப் பயணத்தை விடவில்லை. அவர் இறந்தபோது நான் திருவையாற்றுக்கு மாறுதலாகி வந்திருந்தேன். கிணறு தோண்ட யாரும் கடைசிவரை வரவில்லை. ஏன் வரவில்லை என்று அந்த ஊரில் யாருக்கும் இன்றுவரை தெரியாது.

போன மாதம் திருவையாற்று மருத்துவமனைக்கு ஓர் இளம்பெண் பசுவை ஓட்டிக்கொண்டு வந்தாள். என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அடையாளம் காணவில்லை. "கடைமடை வூட்டுப் பொண்ணு டாக்டரம்மா" என்றாள். இந்தப் பக்கம்தான் கட்டிக்கொடுத்திருக்கிறார்களாம். அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகிறதாம். நிலம் தரிசாகத்தான் கிடக்கிறதாம். பசுவுக்கு ஊசி போட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"மைனா ரொம்ப நாள் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா" என்றேன். "வயசாகித்தான் போச்சு. கடைசி வரைக்கும் அந்தக் குட்டையில நல்லாத்தான் இருந்துச்சு."

அவள் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் டாக்டரம்மா. பஸ்ல போஸ்ட்மாஸ்டரம்மா என் வெரலைத் தடவினாங்கல்ல, என் மூஞ்சிய மட்டும் பாக்கவே இல்ல" என்றாள். "நானும் அப்பாகிட்ட மைனா நல்லாருக்குன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தேன். சாவுற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு."