முப்பத்திரண்டாம் அதிகாரம்

பம்மல் எல்லம்மாவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். அவள் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்தவன் நான்தான்.

2005-ல் இணையத்தில் ஒரு வாசகர் குழு நடத்திக்கொண்டிருந்தேன். பழைய நாவல்களைச் சேர்ந்து படிப்பதுதான் வேலை. கிழக்குத் தாம்பரத்தில் என் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர். துபாய், நியூஜெர்சி, பெங்களூர் என்று நாற்பது உறுப்பினர்கள். அந்த வருஷம் எடுத்த நாவல் அச்சிலேயே இல்லாதது, நூறு வருஷத்துப் பழசு. கடற்கரைக் குப்பத்துக்காரன் ஒருவன் கப்பலேறித் தோட்ட வேலைக்குப் போய், வீடு திரும்ப முடியாமல் அல்லாடுகிற கதை. மொத்தம் நாற்பது அதிகாரம். என் மாமனார் பெட்டியில் கிடந்த ஒற்றைப் பிரதியைப் பார்த்து, ஞாயிறுதோறும் ஒரு அதிகாரம் நானே தட்டச்சு செய்து அனுப்புவேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சும்மா வந்து வாசித்துவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் ஆகாது. அதனால் இருபத்தேழாம் அதிகாரத்தின்போது இரண்டு சட்டம் போட்டேன். மாதம் ஒரு கருத்தாவது எழுத வேண்டும். எழுதாதவர் பெயர் நீக்கப்படும். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பினால் படிக்காமலே நிராகரிக்கப்படும்.

"ஆபீஸ்ல போடற மெமோவை இங்கேயும் போட ஆரம்பிச்சுட்டேளா?" என்றாள் என் மனைவி நாகலக்ஷ்மி. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

'எல்லம்மா, பம்மல்' என்று ஒரு பெயர் பட்டியலில் இருந்தது. ஏதோ விஷமக்காரன் பொய்ப் பெயரில் உட்கார்ந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். எல்லம்மா என்று பெயர் வைத்துக்கொண்டவள் பழைய நாவல் படிப்பாளா என்ற திமிர்தான், வேறென்ன. அந்தப் பெயரிலிருந்து ஒரு கருத்தும் வரவில்லை. முப்பத்தொன்றாம் அதிகாரம் போன மறுநாள் நீக்கினேன்.

அடுத்த வருஷம் குழுவை வேறு தளத்துக்கு மாற்றும்போது, நிராகரித்த கடிதங்கள் சேர்ந்திருந்த பெட்டியை முதல்முறையாகத் திறந்தேன். எல்லம்மா பெயரில் மூன்று கடிதம், எல்லாம் ஆங்கில எழுத்தில். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன்.

முதல் கடிதம்: "சார், கடையில தமிழ் அடிக்க வராது. பேர எடுத்துட்டீங்க. எங்க வூட்டுக்காரரு கதைய கேட்டுகினே கீறாரு. 32 அனுப்புங்க."

இரண்டாவதும் அதையேதான் கேட்டது. மூன்றாவது: "அவருக்கு நாள் கம்மின்னு டாக்டர் சொல்லிட்டாரு. முடிவு மட்டுமாவது ரெண்டு வரில சொல்லுங்க சார். கதை கேட்டுட்டா நிம்மதியா கண்ண மூடுவாரு."

அன்று நான் சாப்பிடவில்லை. மீதி ஒன்பது அதிகாரங்களை அச்செடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, ஞாயிறு காலை ஷேர் ஆட்டோ பிடித்துப் பம்மல் போனேன்.

பிரௌசிங் சென்டர் ஒவ்வொன்றாக விசாரித்துக் கண்டுபிடித்தேன். லாசரஸ் என்பவர் நடத்தும் சென்டரில் அவள் காலையில் கடை திறந்து, பெருக்கித் துடைக்கிற வேலை பார்த்தாள். லாசரஸ்தான் அவளுக்கு மெயில் முகவரி போட்டுக்கொடுத்தவர், கடிதங்களை அடித்துக்கொடுத்தவரும் அவர்தான்.

"கோவளம் பக்கம் மீன்காரக் குடும்பம் சார். அவங்க அம்மா மீன் வித்து இவங்கள எட்டாவது வரைக்கும் படிக்க வச்சிருக்காங்க. மீன் சுத்தற பேப்பரைக் கூட விடாம படிப்பாங்களாம். இங்கயும் கடை திறக்கறதுக்கு முன்னாடி ஸ்கிரீனைப் பாத்து முழு அதிகாரத்தையும் நோட்டுல கையால எழுதிகினு போவாங்க. புருஷன் பேரு சம்பந்தம், தோல் கம்பெனில இருந்தவரு. எழுதப் படிக்கத் தெரியாது. நுரையீரல் போய்ப் படுத்துட்டாரு. அவருக்கு வாசிச்சுக் காட்டத்தான்."

"இப்போ?"

"போயிட்டாரு சார். ஆறு மாசம் ஆச்சு."

சந்துக் கடைசியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை. சுவரில் மாலை போட்ட போட்டோ. எல்லம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். நான் யாரென்று சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"உக்காருங்க சார்" என்று ஸ்டூலை நகர்த்தினாள். "தெனம் கேப்பாரு, அந்தாளு ஊட்டுக்கு வந்தானா, வந்தானான்னு. என்னால தாங்கல. 32ன்னு நானே ஒண்ணு எழுதினேன், கப்பல் கெடச்சி அவன் ஊரு வந்துட்டான்னு. பாதி படிக்க சொல்லவே கண்டுபுடிச்சிட்டாரு. 'இத்தினி சீக்கிரம் அவன வுட்டுருவாங்களா, நீ பொய் சொல்ற'ன்னு செவுத்துப் பக்கம் திரும்பிகினாரு. அப்புறம் எங்கிட்ட கதையே கேக்கல. பதினோரு நாளு பேச்சும் கம்மி. அப்படியே போயிட்டாரு."

பையிலிருந்து காகிதங்களை எடுத்து நீட்டினேன். அவள் கை நீட்டவில்லை.

"எனக்கு இன்னாத்துக்கு சார்? நா அவருக்காகத்தான் படிச்சேன்." போட்டோவைக் காட்டினாள். "அவருக்குப் படிங்க."

நான் படித்தேன். அவள் உட்காரவில்லை, வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெட்கத்தில் வேகமாகப் படித்திருப்பேன் போலிருக்கிறது. "மெதுவா படிங்க சார். வேகமா படிச்சா அவருக்குப் புடிக்காது" என்றாள் அங்கிருந்தே.

முப்பத்திரண்டு முடிந்ததும் அடுத்த தாளைப் புரட்டினேன். அவள் உள்ளே வந்து நின்றாள்.

"அடுத்தது அடுத்த ஞாயித்துக்கெழம. வாரத்துக்கு ஒண்ணுதானே சார் உங்க சட்டம்?"

ஒன்பது ஞாயிறு போனேன். மழையிலும் போனேன், காய்ச்சலோடு ஒரு வாரம் போனேன். அங்கே கருத்துச் சொல்ல யாருமில்லை. ஒரு நாளும் அவள் எனக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒவ்வொரு வாரமும் அந்த போட்டோவின் முகத்தைப் பார்த்துப் படிப்பது எனக்குக் கொடுமையாக இருந்தது. தப்பித்து ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

நாற்பதாம் அதிகாரத்தில் கப்பல் கரைக்கு வருகிறது. அவன் வரவில்லை, நடுக்கடலிலேயே முடிந்துபோகிறான். கடைசி வரியைப் படித்துவிட்டுத் தலை நிமிர்ந்தேன். எல்லம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ஊடு சேந்தானா சார்?"

"இல்லம்மா."

போட்டோவுக்கு எதிரில் போய் நின்றாள்.

"நீ சொன்னது சரிதான்யா, நாந்தான் பொய் சொன்னேன்" என்றாள் அவரிடம். முதல்முறையாக அழுதாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நாப்பதும் முடிஞ்சிச்சில்ல சார்? இனிமே நீங்க வராதீங்க."

காகிதங்களைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன். ஸ்டூலை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.