கலைந்து நிற்க வேண்டிய எண்கள்

கால்குலேட்டரைத் தொடுமுன் கணக்கக்கா ஆள்காட்டி விரலை உள்ளங்கையில் இரண்டு முறை துடைத்துக்கொள்வார். பதினோரு வருடமாகப் பக்கத்து மேசையிலிருந்து பார்க்கிறேன், ஒருநாளும் மறந்ததில்லை. கோட்டு வரைபடம்கூடக் காட்டும் பெரிய கால்குலேட்டர் அது. "புருஷனைக்கூட இரவல் கேளு, தர்றேன். இதைக் கேக்காதே" என்பார்.

அந்தப் புருஷன் உயரமான கட்டிடங்களில் தொங்கியபடி கண்ணாடி துடைப்பவர். அவர் இடுப்பைப் பிடித்திருப்பது எங்கள் தொழிற்சாலையில் நெய்யும் பாதுகாப்புப் பட்டைதான்.

ஒவ்வொரு பட்டைச் சுருளிலும் ஒரு துண்டு வெட்டி, இழுக்கும் இயந்திரத்தில் மாட்டுவது என் வேலை. எத்தனை கிலோவில் அறுகிறது என்று பார்ப்பது அக்காவின் வேலை. கால்குலேட்டரின் முதல் பட்டியலில் சுருள் எண், இரண்டாவதில் கிலோ. ஒரு வண்டிக்கான முப்பது சுருளும் முடிந்ததும் ஒரு கட்டளை கொடுப்பார். கிலோ சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கிக்கொள்ளும். சுருள் எண்களும் கூடவே இடம் மாறும். "ஜோடியை இழுத்துக்கிட்டே ஓடுது பாரு, புதுசா கல்யாணம் ஆனதுங்க மாதிரி" என்று சிரிப்பார். மேலே வரும் பலவீனமான சுருள்களுக்குச் சிவப்புச் சீட்டு, மற்றவற்றுக்குப் பச்சை.

போன மாதம் ஒருநாள் மேலாளர் வாசலில் நின்று, "என்னம்மா, வண்டி எவ்வளவு நேரம் நிக்கும்?" என்று கத்திக்கொண்டே இருந்தார். அக்கா அவசரமாக அடுக்கினார். "ஒண்ணும் ரெண்டும் சிவப்பு" என்றார். ஏழாம் சுருளின் துண்டு என் கண்ணெதிரே பழந்துணி போலக் கிழிந்திருந்தது. அதற்குப் பச்சையா? அக்கா கணக்கைத் தப்பு என்று சொல்ல நான் யார்? ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பச்சைச் சுருள்கள் வண்டிக்குப் போகத் தொடங்கின. எட்டித் திரையைப் பார்த்தேன்.

"அக்கா... இந்த நம்பருங்க என்னைக்கும் கலைஞ்சுதானே நிக்கும்? இன்னைக்கு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நிக்குதே."

"நின்னா உனக்கென்னடி?" என்றபடி குனிந்தவர் பட்டியலை மேலிருந்து கீழே விரலால் தடவினார். கிலோக்களை மட்டும் அடுக்கச் சொல்லியிருந்தார். சுருள் எண்கள் கிடந்த இடத்திலேயே கிடந்தன. முப்பது சுருளில் எதன் சீட்டையும் நம்ப முடியாது.

"ஐயோ, அவருக்குப் புதுப் பட்டை இதுலதானேடி தைக்கப் போறாங்க..."

ஓடினார். அந்தக் கனத்த உடம்போடு அவர் வண்டிமேல் ஏறி நான் பார்த்ததே இல்லை. ஏழாம் சுருளை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினார். "பைத்தியமா உனக்கு?" என்றார் மேலாளர். "ஆமா. எல்லாத்தையும் இறக்குங்க" என்றார் அக்கா.

இப்போதும் விரலைத் துடைத்துக்கொண்டுதான் தொடங்குகிறார். அடுக்கி முடித்ததும் கால்குலேட்டரை என் பக்கம் திருப்பி வைக்கிறார். நான் தலையாட்டும்வரை சீட்டுப் பெட்டியைத் திறப்பதில்லை.